வரதன் வீட்டு அயிரை

வேன் ஓட்டுகிறவர் தூங்கிவிடாமல் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்கலாம். 2005-இல் முக்கால் வருஷம் எனக்கு அதுதான் பிழைப்பு. செங்கல்பட்டில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கத்தில் இறங்குகிற வரை டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற வரதனின் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் பேப்பர் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள், குறட்டை விடுவார்கள். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. லிப்ட் என்றால் பயம், பல்லி என்றால் பயம், வேளை கெட்ட வேளையில் போன் அடித்தால் பயம். ஆனால் அந்த வருஷம் நான் பட்ட பயத்துக்கு நியாயம் இருந்தது. வரதனின் இமை வழியில் மூடிக்கொள்ளும். மூடியது திறக்கக் கொஞ்சம் நேரமாகும்.

முன்பெல்லாம் அவர் அப்படி இல்லை. வரதனின் அப்பா திருக்கழுக்குன்றம் பக்கம் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வரதன் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டக் கற்று, லைசன்ஸ் எடுத்து, தொண்ணூறுகளில் எங்கள் அலுவலக ஒப்பந்த வேனுக்கு டிரைவராக வந்தார். அநாவசியமாக ஹாரன் அடிக்க மாட்டார். சாலையில் படுத்திருக்கிற மாடு தானாக எழுந்து போகும்வரை பொறுமையாக நிற்பார். புதுப்பட்டினத்தில் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இரண்டு அறை வைத்து வீடு கட்டினார். அவர் குடும்பத்தில் முதல் காங்கிரீட் வீடு அதுதான். கிரகப்பிரவேசத்துக்கு வேனில் வருகிற எல்லாரையும் கூப்பிட்டு, வாசலில் நின்று கைகூப்பி வரவேற்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரதன் வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செங்கம்மாள் மகள் சங்கரியைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். சங்கரிக்கு அப்போது ஆறு வயது. கடல் வந்தபோது செங்கம்மாள் ஒரு கையால் மகளையும் மறு கையால் விளக்குக் கம்பத்தையும் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனது. பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரப் பெண்ணை விடவில்லை. அவள் கை தன் பாவாடையைப் பிடித்ததும் பிறகு விட்டதும் சங்கரிக்குத் தெரியும்.

அதிலிருந்து அந்தக் குழந்தை தூங்கவில்லை. கண்ணயர்ந்தால் உடனே எழுந்து, "நைனா, நீ முழிச்சினுதான கீற?" என்று கேட்கும். வரதன் "முழிச்சினுதாம்மா கீறேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வீடே அதிர அலறும். தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். எதற்கும் மசியவில்லை. அப்பா முழித்திருந்தால் மகள் தூங்குவாள். ஆகவே அப்பா இரவெல்லாம் முழித்திருந்துவிட்டு, விடிந்ததும் எங்களை ஏற்றிக்கொள்ள வருவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு டிராக்டரால். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வளைவில், செங்கல் ஏற்றிய டிராக்டர் எதிரே வர, வேன் தன்பாட்டுக்கு அதை நோக்கிப் போனது. நான் போட்ட கூச்சலில் வரதன் விழித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். இடது பக்கச் சக்கரம் வயலோரம் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று எல்லாருக்கும் சொன்னவர், சாயங்காலம் எல்லாரும் இறங்கிய பிறகு என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"மேடம், நா தூங்குனா அவ தூங்க மாட்டன்றா. நா தூங்கலன்னா உங்க எல்லாரையும் கொன்னுடுவேன் போல கீது. இன்னா பண்றதுன்னே தெரியல."

"வேற ஊருக்குப் போயிடலாமே வரதன்?"

"அந்த வூட்ட வுட்டுட்டா?" என்றார்.

வரதனுக்குப் பதில் யாராவது முழித்திருக்க வேண்டும். இதுதான் விஷயம். யார் முழித்திருப்பது என்பதற்கு விடை சொன்னவர், தெரியாத்தனமாக, எங்கள் பாலசுப்ரமணியன் சார். அவர் வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்து உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். சுனாமிக்குப் பிறகு அவருக்குத் தீனி அதிகம். யானை முன்னாலேயே மேட்டுக்கு ஓடியது, பாம்பு புற்றை விட்டு வந்தது, ஜப்பான்காரன் வீட்டில் மீன் வளர்த்து நிலநடுக்கத்தைக் கண்டுபிடிக்கிறான் என்று ஒருநாள் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியைக் கேட்டதும் கண்ணாடியில் வரதனின் கண் அகலத் திறந்ததைப் பார்த்தேன்.

அன்றைக்கே அவர் என்னைத் துணைக்கு அழைத்தார். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஜோயல் என்பவர் வண்ண மீன் கடை வைத்திருந்தார். பெயரெல்லாம் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, வந்து படித்துச் சொல்லுங்கள் என்றார் வரதன். எங்கள் வீட்டில் மீன் வாசனை அடித்தாலே ஜன்னலைச் சாத்துவோம். நான் மீன் வாங்கப் போனேன்.

ஜோயல் விவரமான வியாபாரி. ஜப்பான், நிலநடுக்கம் என்று வரதன் ஆரம்பித்ததும் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குன்னே ஒரு ஜாதி கீது அண்ணாத்த. லோச்சுன்னு பேரு. அடி மண்ணுலயே கெடக்கும், மூஞ்சில மீசை இருக்கும். மழை வரதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிடும். மேலயும் கீழயும் ஒரே ஆட்டம் போடும்."

"கடலு வந்தா?"

"மழையே தெரியுது, கடலு தெரியாதா?"

விற்கிறவன் வாய்க்குப் பூட்டு ஏது? வேண்டாம் வரதன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. பல மாதம் தூங்காத மனிதர், தூங்க வழி கிடைத்துவிட்டதென்று நிற்கிறார். எனக்கும் உயிர் மேல் ஆசை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினார். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் அதற்குத்தான் இடம் இருந்தது. அந்தத் தொட்டிக்குள் இருந்து, கடலையும் பார்த்துக்கொண்டு, குழந்தைக்குச் சேதியும் சொல்கிற மீன் எது என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

முதலில் வந்தது கிளவுன் லோச். ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை, பார்க்க அம்சமாக இருக்கும். சங்கரியைக் கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டியதில் அதுதான் அவளுக்குப் பிடித்தது. இரண்டு வாங்கினார்கள். வாங்கின வாரத்திலேயே ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த சங்கரி, இரண்டு மீனும் அடியில் ஒருக்களித்துச் செத்தாற்போல் கிடப்பதைப் பார்த்தாள். தண்ணி வருது, தண்ணி வருது என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினாள். அந்தத் தெருவில் அந்த வார்த்தைக்கு இருந்த பலம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கேட்டவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, கைக்குழந்தைகளை வாரிக்கொண்டு கிழக்கு கடற்கரைச் சாலையைத் தாண்டி ஓடினார்கள். ஒரு வயசாளி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். திரும்பி வந்து பார்த்தால் மீன் இரண்டும் எழுந்து புழு தின்றுகொண்டிருந்தன. அந்த ஜாதி அப்படித்தான் படுத்துத் தூங்குமாம். ஜோயல் சாவகாசமாகச் சொன்னார். அதோடு, அது ஒரு அடிவரை வளரும், சின்னத் தொட்டிக்கு ஆகாது என்பதையும் அப்போதுதான் சொல்லி, இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

செங்கம்மாள் தெருவில் தலைகாட்ட முடியாமல் கூனிக்குறுகிப் போனார். "காவலுக்கு வெச்சது தூங்குது. நம்ம ராசி அப்டி" என்றார்.

அடுத்து பாம்பு லோச். பென்சில் பருமனில் மஞ்சளும் பழுப்புமாக வளையம் போட்டது. சின்னத் தொட்டிக்கு ஏற்றது, எந்த மீனோடும் வம்புக்குப் போகாது, வளர்ந்தாலும் ஒரு விரல் நீளம்தான். எல்லாம் சரி. ஆனால் தொட்டியில் விட்டதும் மணலுக்குள் போனது, போனதுதான். பகலில் கண்ணிலேயே படாது. வெளியே வந்தாலோ செங்கம்மாள் பாம்பு என்று நாற்காலிமேல் ஏறிக்கொள்வார். சங்கரி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மீனைக் காணோமே, ஓடிப்போய்விட்டதோ, ஓடினதென்றால் எதைப் பார்த்து ஓடியதோ என்று நடுங்கினாள். வரதனுக்கு மகள், மீன் இரண்டுக்கும் சேர்த்து முழிக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில் மணல் விவகாரம். கூழாங்கல் போட்டால் லோச்சின் மீசை அறுந்துபோகும், பொடி மணல் போடுங்கள் என்று ஜோயல் சொல்லியிருந்தார். புதுப்பட்டினத்துக்காரருக்கு மணலுக்கா பஞ்சம்? வரதன் கரையிலிருந்து ஒரு வாளி அள்ளி வந்தார். சங்கரி வாளியைப் பார்த்தாள். "கடலு மண்ணு வூட்டுக்குள்ள வேணா நைனா. அது அத்தத் தேடிக்கினு வரும்" என்றாள். வரதன் வாளியைத் திரும்ப எடுத்துப்போய்க் கரையில் கொட்டிவிட்டு, பாலாற்றிலிருந்து மணல் கொண்டுவந்து அலசிப் போட்டார். இதை அவர் மறுநாள் வண்டி ஓட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

கடைசியில் மீன் கிடைத்தது கடையிலிருந்து அல்ல. செங்கம்மாள் குழம்புக்கு அயிரை வாங்கினார். ஏரிக் கால்வாயில் பிடித்து, தண்ணீரோடு உயிராகக் கொண்டுவந்து விற்பார்கள். உப்புப் போட்டு உரசுவதற்காக அலுமினியச் சட்டியில் ஊற்றி வைத்தபோது சங்கரி எட்டிப் பார்த்தாள். அடியில் கிடக்கிறது, மூஞ்சியில் மீசை இருக்கிறது. ஜோயல் சொன்ன அடையாளம் அத்தனையும் இருந்தது. விசாரித்தால் அயிரையும் லோச் ஜாதிதானாம். அவள் கைக்கு அகப்பட்டதை அள்ளித் தொட்டியில் விட்டாள். மீதி குழம்பானது.

"கொழம்பு வெக்கிற மீனுக்குக் கண்ணாடி வூடு கேக்குது" என்று செங்கம்மாள் முணுமுணுத்தார். ஆனால் அதைப்போல் பொருத்தமான மீன் வேறில்லை. சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் வளராது. நம் ஊர் வெயிலையும் கரண்ட் கட்டையும் தாங்கும். தனியாக விட்டால் பயந்து ஒளியும். கூட்டமாக விட்டால் தைரியமாக வெளியே வந்து மணலைச் சலித்து விளையாடும். குழந்தை பார்க்கிற நேரமெல்லாம் கண்ணில் பட்டது. பாம்பு லோச்சையும் ஜோயலே திரும்ப எடுத்துக்கொண்டார்.

அக்டோபரில் ஒருநாள் பகலில் அயிரைகள் கண்ணாடியோரம் மேலும் கீழும் ஓடின. சங்கரி வெளிறிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழை மட்டும்தான். கடல் அதன் இடத்தில் இருந்தது. அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அதுக்குத் தெரியுது நைனா" என்றாள். அன்றிலிருந்து அவள் அப்பாவைக் கேட்பதை விட்டாள். படுக்கப் போகுமுன் தொட்டியைப் பார்ப்பாள். மீன் சும்மா இருந்தால் தூங்கிவிடுவாள். வரதனும் தூங்கினார். கண்ணாடியில் அவர் கண் தெளிந்தது. நானும் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் வண்டியை எடுக்குமுன் வரதன் செல்போனில் வீட்டைக் கூப்பிட்டு, "மீனு எப்டி கீது?" என்று கேட்பார். வேனில் எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இப்படி நிம்மதியாகப் போனது.

2007 செப்டம்பரில் ஒரு சாயங்காலம். அலுவலகம் விட்டு எல்லாரும் வேனில் ஏறிவிட்டோம். பாலசுப்ரமணியன் சாருக்குப் போன் வந்தது. சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய நிலநடுக்கமாம், கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டுமாம். அவர் குரலில் வழக்கமான பிரசங்கம் இல்லை. வண்டியை எடுங்க, எடுங்க என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்போது வரதனின் போன் அடித்தது. செங்கம்மாள் அழுகிற சத்தம் பின் சீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

"வர மாட்டன்றாய்யா. மீனு ஆடல, நா வர மாட்டேன்னு தொட்டி ஸ்டாண்ட கட்டிக்கினு குந்திகீறா. தூக்கவும் முடியல. தெருவே காலியாயிடுச்சி. சீக்கிரம் வாய்யா."

வரதன் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேற்கே போக வேண்டிய வேனைக் கடல் பக்கம் திருப்பினார். அவ்வளவு நாளில் அவர் ஹாரனை விடாமல் அடித்தது அன்றைக்குத்தான். எதிரே ஊரே ஓடிவந்துகொண்டிருந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, சைக்கிளில் முடியாதவர்கள். மைக் கட்டிய ஜீப் ஒன்று என்னவோ சொல்லிக்கொண்டே போனது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டுச் சாவியை அப்படியே விட்டு ஓடினார். பின்னால் இருந்தவர்கள் யாருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டதும் நான் இறங்கிவிட்டேன். நான் கீழே நின்றால் என்னை விட்டுவிட்டு எடுக்க யோசிப்பார்கள் என்று தோன்றியது. தனியாக நிற்கவும் பயமாக இருந்தது. வரதன் பின்னாலேயே ஓடினேன்.

நான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சங்கரி இரும்பு ஸ்டாண்டின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். செங்கம்மாள் அவள் தோளைப் பிடித்து இழுத்து இழுத்து ஓய்ந்துபோயிருந்தார். தொட்டியில் அயிரைகள் மணல்மேல் சொகுசாகக் கிடந்தன.

"பாரு நைனா, சும்மாதான் கீது. தண்ணி வராது. வெளிய போனாதான் தண்ணி இழுத்துக்கும்." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். பிடிவாதமில்லை அது. வாசலைத் தாண்டினால் செத்துப்போவோம் என்கிற பயம்.

வரதன் மகளைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், கிழக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சங்கரி, வாசல்ல மேடம் வந்துகீறாங்க பாரு."

செங்கம்மாளும் திரும்பினார், குழந்தையும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன செய்வதென்று புரியாமல் கையை ஆட்டினேன். அவள் தலைக்கு மேலே வரதன் முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டு மணலைக் கலக்கினார். அவள் திரும்பினபோது தண்ணீர் கலங்கி, அயிரைகள் கண்ணாடியில் முட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆடுது" என்றாள். "நைனா, ஆடுது." ஸ்டாண்டை விட்டுவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேன் நின்றிருந்தது, நல்லவேளை. அவளை என் மடியில் போட்டுவிட்டு அவர் வண்டியை எடுக்கும்போது, "உன் கை ஏன் நைனா ஈரமா கீது?" என்று கேட்டாள்.

"வேர்வம்மா" என்றார்.

திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில் எங்களைப்போல் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஆபத்து நீங்கிவிட்டது என்று சேதி வந்தது. எங்கள் கரைக்குத் தண்ணீர் வரவில்லை. சங்கரி கொஞ்சம் யோசித்தாள். மீன் பொய் சொல்லிவிட்டது என்று அவள் நினைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் அப்படி நினைக்கவில்லை.

"மீனு பாத்துடுச்சின்னு கடலுக்குத் தெரிஞ்சிபோச்சி. அதான் திரும்பிப் போயிடுச்சி" என்று அம்மாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை வேனில் வழக்கம்போல் எல்லாரும் மீனைப் பற்றி விசாரித்தார்கள். வரதன் சிரித்து மழுப்பினார். அலுவலக வாசலில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மீனு சும்மாதான மேடம் இருந்திச்சி. தண்ணியும் வரல. அது சரியாத்தான் சொல்லிச்சி. நாந்தான் நம்பல."

"நீங்க செஞ்சது சரிதான் வரதன். யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க."

"அது இல்ல மேடம். நம்பிதான ரெண்டு வருசமா தூங்கிகினு இருந்தேன். நேத்துதான் தெரிஞ்சது, நா நம்பவே இல்லன்னு. அவ இப்ப முன்னவிட நம்பறா. அடுத்த தபா நா வூட்ல இல்லாதப்போ வந்தா, அது ஆடற வரைக்கும் அவ அங்கயே குந்திகினு இருப்பா. யாரு கைய வுட்டுக் கலக்குவா?"

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். சொன்னால் அவள் தூங்க மாட்டாள் என்றார். செங்கம்மாளுக்கும் இதுவரை தெரியாது. குழந்தையின் பெயரை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

சங்கரி இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறாளாம். புரண்டுகூடப் படுப்பதில்லையாம். வரதன் தொட்டிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விடியும்வரை முழித்திருக்கிறார். இந்தத் தடவை யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் தினமும் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோய் அவருக்குக் கொடுத்துவிட்டு, செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை வாய் ஓயாமல் ஏதாவது பேசிக்கொண்டே வருகிறேன்.